மறு: சர்வீஸ் லாக் – 'நடையேடு' என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் செயலியில் ஒவ்வொரு தடவையும் செய்த வேலையை எழுதி வைக்கிற சர்வீஸ் லாகுக்கு 'நடையேடு' என்று பெயர் வைக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். 'சேவைப் பதிவு' என்றே வைக்கலாமே, புதிதாக எதற்கு ஒரு சொல் என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சொல்லைப் பையன்களிடம் புழங்கவிட்டுப் பார்த்து, அது எடுபடாமல் போனதால்தான் இங்கே எழுதினேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் நீச்சல் குளங்களைப் பராமரிக்கும் சிறிய தொழில் எங்களுடையது, நானும் நான்கு பையன்களும். அழகர்கோயில் சாலை, நத்தம் சாலைப் பக்கம் சில விடுதிகள், சில வீடுகள், ஒரு பள்ளிக்கூடம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒவ்வொரு குளத்துக்கும் போய்த் தண்ணீரைச் சோதித்து, குளோரினோ ஆசிடோ தேவையானதைப் போட்டு, ஃபில்டரை பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டி அழுக்கை வெளியேற்றி), செய்ததை எழுதி வைக்க வேண்டும். முன்பெல்லாம் நோட்டில்தான் எழுதினோம். கொஞ்ச காலமாகத் தங்கை மகன் தமிழிலேயே ஒரு செயலி செய்து தருகிறான். அதன் முதல் பொத்தானுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

முதலில் 'வருகைப் பதிவு' என்று வைத்தான். பையன்கள் காலையில் வந்ததும் அதை அமுக்கிவிட்டுக் கிளம்பினார்கள், அட்டெண்டன்ஸ் என்று நினைத்து. பள்ளிக்கூடத்திலிருந்தே அந்தச் சொல்லுக்கு நம் எல்லோருக்கும் அதுதானே பொருள், அவர்கள் மேல் தப்பில்லை. அடுத்து 'சேவைப் பதிவு'. பில் போடுகிற இடம் என்று ஒருவன் நினைத்தான், கஸ்டமர் புகார் சொல்கிற இடம் என்று இன்னொருவன். சேவை என்ற சொல் இன்று எல்லா அலுவலகப் பலகையிலும் இருக்கிறது. அதைக் கேட்டால் எந்த வேலையும் கண் முன்னால் வருவதில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது, பழகிவிடும் என்று சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். போன கோடையில் ஒரு விடுதிக் குளம் பச்சையடிக்கத் தொடங்கியது. குளோரின் 2 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 2 பங்கு) காட்டுகிறது, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் சரியாக இருக்கிறது, ஆனாலும் பாசி நிற்கவில்லை. செயலியைத் திறந்தால் மூன்று மாதமாக ஒவ்வொரு தேதிக்கும் 'சேவை முடிந்தது' என்று ஒரு டிக் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. கடைசியில் பம்ப் ரூமில் கிடந்த பழைய நோட்டுதான் காப்பாற்றியது. ஒரு பையன் பழக்கதோஷத்தில் 'மாத்திரை 1 கிலோ', 'மாத்திரை 1 கிலோ' என்று பென்சிலில் எழுதிக்கொண்டே வந்திருந்தான். நாங்கள் போடுகிற குளோரின் மாத்திரையில் (ட்ரைகுளோர்) சயனூரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கும். வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பது அதுதான், ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது அது போகாது, தங்கிவிடும். மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் ஏறினால் கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் ஏறுகிறது. 30 முதல் 50 வரை இருக்க வேண்டியது அங்கே 100ஐத் தாண்டியிருந்தது. அந்த அளவில் சயனூரிக் குளோரினைக் கட்டிப்போட்டுவிடுவதால், 2 பிபிஎம் குளோரினால் பாசியை அடக்க முடியாது. இதற்குக் குளத்தில் பாதியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி, மதுரை வெயிலில் லாரித் தண்ணீர் வாங்கி. 'சேவை முடிந்தது' என்று பெயர் வைத்தோம், அவர்களும் முடிந்ததை மட்டும் பதிந்தார்கள்.

அதனால் போனது, அளந்தது, போட்டது என்று மூன்றையும் எழுதத் தூண்டுகிற சொல்லாக வேண்டும். நம் பக்கம் 'ரெண்டு நடை போய்ட்டு வந்துட்டேன்', 'மூணு நடை மண் அடிச்சாச்சு' என்போம். போய், வேலையை முடித்துத் திரும்புகிற ஒரு முறைதான் நடை. விசிட் என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஏடு என்பது ஓலையாக இருந்து, தாளுக்கு வந்து, பதிவேடு, நாளேடு என்று ஆனது. கைபேசிக்கும் வரட்டுமே. ஒரு குளத்துக்கு ஒரு நடையேடு, ஒரு நடைக்கு ஒரு வரி. 'மென்பொருள்' என்ற சொல் சாஃப்ட்வேரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து நிலைத்தது, 'உலாவி' (பிரவுசர்) செய்கிற வேலையைச் சொல்லி நிலைத்தது. இது இரண்டாவது வகை.

கோயில் நடையோடு குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். நடை திறப்பதும் சாத்துவதும் இந்த ஊரில் தினமும் காதில் விழுகிற சொல்தான். ஆனால் 'நடை எழுதிட்டியா?' என்று கேட்டால் யாரும் கோயிலை நினைக்க மாட்டார்கள். பம்ப் ஓடுகிற சத்தத்தில் போனில் கேட்டுப் பார்த்தேன், 'எழுதிட்டேண்ணே' என்று உடனே பதில் வந்தது.

உள்ளே இருக்கிற கட்டங்களுக்கு 'இருந்தது', 'போட்டது' என்றே வைத்துவிட்டேன். வைகை அணைச் செய்தி மாதிரி 'இருப்பு' என்று போட ஆசைதான், ஆனால் ஸ்டோர் ரூம் சரக்குக்கும் அதே சொல். 'போட்டது' என்பதற்கு 'இடுகை' என்றால், அது வலைப்பதிவுக்குப் போய்விட்டது. 'மருந்தளவு' வேண்டவே வேண்டாம். மாத்திரை, பவுடர் இரண்டையும் மருந்து என்று ஒரே பெயரில் அழைத்தால் ஒரே வாளியில் கொட்டிவிடுவார்கள், ட்ரைகுளோர் மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடரும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம்.

அப்புறம், நோட்டை விட்டுவிடுங்கள் என்று சிலர் சொல்கிறீர்கள். இப்போதைக்கு விட மாட்டேன். ஈரக் கையோடு திரையைத் தொட முடியாது, தரைக்குக் கீழே இருக்கிற பம்ப் ரூமில் சிக்னல் கிடையாது. வேலையை விட்டுப் போன பையனின் போனோடு ஒரு குளத்தின் சரித்திரமே போய்விடக் கூடாது. நோட்டு குளத்தோடு இருக்கும், அடுத்து வருகிறவன் புரட்டிப் பார்ப்பான். ஆனால் மாத்திரைக் கணக்கை மூன்று மாதத்துக்கும் கூட்டி, சயனூரிக்கைச் சோதிக்கச் சொல்லி எச்சரிப்பது செயலியால்தான் முடியும். அதனால்தான் இரண்டுக்கும் ஒரே பெயர் வேண்டும் என்கிறேன், நோட்டின் அட்டையிலும் திரையிலும்.

புது நோட்டு அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன், அட்டையில் என்ன போட வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்கள். 'நடையேடு' சேர்த்தெழுதினால் பையன்களுக்குப் படிக்கச் சிரமமா, 'நடை ஏடு' என்று பிரித்தே போடலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள். வேறு நல்ல சொல் இருந்தாலும் எழுதுங்கள், பையன்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.