உதவி: மங்கி ஐலண்ட், சிறைக்குப் போக முன்னமே கோப்பை உருகிப் போகுது (அவசரம்)

உப்புவெளி ரஜி
வணக்கம். மங்கி ஐலண்ட் என்கிற கொள்ளைக்காரர் கணினி விளையாட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மதுக்கடைப் பீப்பாவில் குரொக் (எதையும் உருக்குகிற சாராயம்) பிடித்துக்கொண்டு போய்ச் சிறைப் பூட்டை உருக்க அதில் ஊற்ற வேண்டுமாம். பாதி வழியிலேயே கோப்பை உருகி எல்லாம் கொட்டுண்டு போகுது. வழிகாட்டியில் "ஒரு கோப்பையில் இருந்து மற்றதுக்கு மாற்றிக்கொண்டே போ" என்று ஒரு வரிதான் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் செய்கிறேன், சரிவரவில்லை. நேற்று இரவு முழுக்க இதே வேலைதான். லப்டொப் பெரியம்மாவின் மகனுடையது, நாளைக்கு இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குக் கொண்டு போகிறான். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.

நிலாவெளியான்
எந்த மங்கி ஐலண்ட், தம்பி? மொத்தம் ஆறு வந்திருக்கு. குரொக், சிறை என்கிறதால் முதலாவதாகத்தான் இருக்கும். அதிலும் 1990-இல் வந்த அசலா, 2009-இல் புதுப் படமும் குரலும் சேர்த்து வந்ததா? ஸ்கம்விஎம்மில் (பழைய விளையாட்டுகளை ஓட்டுகிற மென்பொருள்) ஓட்டுகிறீரா, நேரடியாகவா?

டொஸ்தவம்
இது வேகப் பிரச்சினை. பழைய விளையாட்டுகள் அந்தக் காலத்துக் கணினியின் வேகத்துக்கு எழுதப்பட்டவை, இப்போதைய புரொசெசரில் போட்டால் கடிகாரம் பறக்கும். 1998-இல் வந்த கிரிம் ஃபண்டாங்கோவிலும் இதே கதைதான். லிஃப்டுக்குள் ஃபோர்க்லிஃப்டை வைத்து ஒரு புதிர் வரும், வேகமான கணினியில் லிஃப்ட் நிற்கிற நேரமே கிடைக்காது, அதற்கென்று தனியாகத் திருத்தம் வெளியிட்டார்கள். டொஸ்பொக்ஸில் (பழைய டொஸ் விளையாட்டுகளை ஓட்டுகிற மென்பொருள்) கன்ட்ரோலையும் எஃப்11-ஐயும் சேர்த்து அமுக்கி சைக்கிள்ஸை, அதாவது வேகத்தை, குறையுங்கள். கோப்பை ஆறுதலாக உருகும்.

மூதூர் மச்சான்
ஒறிஜினல் கொப்பியா மச்சான்? களவுக் கொப்பி என்றால் உள்ளே ஏதாவது கோளாறு வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் சில கம்பெனிகள் அப்படிச் செய்தவை. கோப்பையை வேண்டுமென்றே கெதியாக உருகப் பண்ணியிருப்பார்கள்.

நிலாவெளியான்
மச்சான், இதில் அப்படி ஒன்றும் இல்லை. தொடங்கும்போதே கேட்டுவிடும். இரண்டு அட்டை வட்டம், அதில் கொள்ளைக்காரர்களின் அரை முகங்கள், திருப்பிப் பொருத்தினால் ஓட்டையில் ஒரு வருடம் தெரியும், அதை அடிக்க வேண்டும். உள்ளே போன பிறகு ஒருவரையும் பழிவாங்காது.

பழைய பிளொப்பி
கேள்வி கேட்கிற முறை என்று ஒன்று இருக்கிறது. எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, எந்த இயங்குதளம், இவ்வளவும் முதல் வரியில் வர வேண்டும். அது போகட்டும். இந்தப் புதிரை நாங்கள் 286 கணினியில், இணையம் இல்லாமல், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முடித்தோம். இப்போது ஆளுக்கொரு வழிகாட்டி இருந்தும் முடியவில்லை. சிறைக்குப் போகிற பாதையை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். மதுக்கடையில் இருந்து துறைமுகம், வளைவு வாசல், தெரு, சிறை. ஓரிடத்திலும் நின்று பராக்குப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் சங்கதி.

சாளரம்
ரஜி தம்பி, நிலாவெளியார் கேட்டதுக்குப் பதில் சொன்னால்தான் உதவலாம். பதிப்பின் பெயர் தெரியாவிட்டால் இதை மட்டும் சொல்லுங்கோ: ஆட்கள் வாயைத் திறந்து கதைக்கிறார்களா, எழுத்து மட்டும்தான் வருகுதா? திற, எடு, பாவி (பயன்படுத்து) என்கிற கட்டளைச் சொற்கள் எப்போதும் திரையின் அடியில் கிடக்குதா, நீங்கள் கூப்பிட்டால்தான் வருகுதா?

உப்புவெளி ரஜி
கதைக்கிறார்கள் அக்கா, நல்ல குரல். சொற்கள் கூப்பிட்டால்தான் வரும். பொருள் பையும் அப்படித்தான், தனியாகத் திறக்க வேண்டும். டொஸ்பொக்ஸ் எல்லாம் என்னவென்று தெரியாது, அவன் வாங்கிப் போட்டு வைத்திருந்தான், நான் சும்மா திறந்தேன்.

சாளரம்
அப்போ அது 2009 பதிப்பு. தவம் அண்ணை, சைக்கிள்ஸை விடுங்கோ, அது டொஸ்பொக்ஸில் ஓடவே இல்லை.

தம்பி, பிழை உங்கள் கையில் இல்லை. அசலில் திரையின் கீழ்ப்பகுதி முழுக்கச் சொற்களும் பொருட்களும்தான். "பாவி" என்றதை அமுக்கி, குரொக் உள்ள கோப்பையை அமுக்கி, வெறுங்கோப்பையை அமுக்கினால் முடிந்தது. மூன்றுமே கண்ணுக்கு முன்னால் இருக்கும். 2009-இல் படம் முழுத்திரைக்கு வர வேண்டும் என்று அதையெல்லாம் மறைத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் அது பெரிய தொல்லை இல்லை, யோசித்து யோசித்து ஆடலாம். ஆனால் இந்தக் கோப்பைப் புதிருக்கு நேரக் கணக்கு உண்டு. நீங்கள் பையைத் திறந்து, சொல்லைத் தேடி, மூடித் திறக்க அங்கே ஒரு கோப்பை போய்விடும்.

இப்படிச் செய்து பாருங்கோ. பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்று சேமியுங்கோ. பிறகு எஃப்10. படம் 1990-க்கு மாறும், குரல் நின்றுவிடும், சொற்களும் பொருட்களும் கீழே வரிசையாக வந்து நிற்கும். ஒரே ஒரு கோப்பையை மட்டும் நிரப்பி நடவுங்கோ. மற்றதெல்லாம் வெறுமையாக இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கோப்பையைப் பாருங்கோ. வடிவம் குலையத் தொடங்கினால் உடனே அடுத்ததுக்கு ஊற்றுங்கோ. குலைய முதல் ஊற்றினால் ஒரு கோப்பை வீண், பிந்தினால் குரொக் நிலத்தில். சிறைக்குள் போனதும் பூட்டில் ஊற்றிவிட்டுத் திரும்ப எஃப்10 அடித்தால் புதுப் படம் வரும். இரண்டும் ஒரே விளையாட்டுத்தான், அடியில் அசல்தான் ஓடிக்கொண்டிருக்குது. அதனால் ஒன்றும் தொலையாது.

நிலாவெளியான்
அக்கா சொன்னது சரி. இன்னொன்று, டச்பேடில் ஆடுகிறீர் என்றால் ஒரு மவுஸ் கடன் வாங்கும்.

டொஸ்தவம்
புதிய பதிப்பாக இருந்தாலும் அடியில் அசல் ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் வேகமும் ஒரு காரணமாக இருக்கலாம்தானே?

பழைய பிளொப்பி
பார்த்தீர்களா, கடைசியில் தீர்வு என்ன? 1990-க்குத் திரும்பு. இதைத்தான் நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதுப்பிக்கிறோம் என்று சொல்லிக் கெடுக்கிறார்கள். 2022-இல் வந்த மங்கி ஐலண்டைப் பாருங்கள், கலர்ப் பேப்பரை வெட்டி ஒட்டின மாதிரிப் படம். அதற்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டார்கள். கேட்டால் விடையையே சொல்லும். பிறகு எதற்குப் புதிர்?

சாளரம்
எல்லாவற்றையும் ஒரே தட்டில் போடாதேயுங்கோ. கிரிம் ஃபண்டாங்கோவின் அசலில் மவுஸே கிடையாது, விசைப்பலகையால் ஆளைத் திருப்பித் திருப்பி நடத்த வேண்டும். 2015 பதிப்பில்தான் சொடுக்கி ஆடுகிற வழி வந்தது. பழைய முறைதான் வேண்டும் என்று அழுகிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை. மங்கி ஐலண்ட் இரண்டாவதுக்கு 2010-இல் வந்த புதிய பதிப்பில் பழைய படத்தில் நின்றபடியே குரலையும் கேட்கலாம். முதலாவதில் பழைய படத்துக்கு மாறினால் குரல் போய்விடும். ஒரு வருடத்துக்குள் திருத்தியிருக்கிறார்கள். 2022-இல் வந்ததைச் செய்தவரும் வேறு ஆளில்லை, முதல் இரண்டையும் செய்த அதே றோன் கில்பர்ட்தான். படம் பிடிக்கவில்லை என்று சனம் அவரை ஏசின ஏச்சில் தன் தளத்தில் கருத்துப் பகுதியையே மூடிவிட்டார். பிடிக்காவிட்டால் விடலாம், ஏச வேண்டியதில்லை.

பழைய பிளொப்பி
நான் யாரையும் ஏசவில்லை. குறிப்புப் புத்தகம் பற்றித்தான் சொன்னேன்.

நிலாவெளியான்
பிளொப்பி அண்ணை, அந்தக் காலத்திலும் குறிப்பு விற்கத்தானே செய்தார்கள்? அமெரிக்காவில் காசு கட்டித் தொலைபேசியில் கேட்கிற இலக்கமே இருந்தது. இப்போது அதே குறிப்பு சும்மா உள்ளே கிடக்குது. அதுவும் எடுத்தவுடன் விடையைக் கொட்டாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்க்கும். வேண்டாதவர் திறக்காமல் விடலாம்.

பழைய பிளொப்பி
அந்தத் தொலைபேசிக் கதை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. முதலாவது மங்கி ஐலண்டில் காட்டுக்குள் ஒரு மரக்கட்டை உண்டு. அதைப் பார்த்தால் உள்ளே சுரங்கம் இருக்கிறது என்று சொல்லி, 22-ஆம் டிஸ்கைப் போடு என்று கேட்கும். பிறகு 36. பிறகு 114. அப்படி டிஸ்க் ஒன்றும் இல்லை, பகிடி. அதை நம்பிச் சனம் அந்த இலக்கத்துக்கு அழைத்து "எங்கள் பெட்டியில் 22-ஆம் டிஸ்க் இல்லை" என்று முறைப்பாடு செய்திருக்கிறது. ரஜியின் பதிப்பில் இந்தப் பகிடி இல்லை. இதைத்தான் கெடுப்பது என்கிறேன்.

சாளரம்
அதை எடுத்தது 2009 ஆட்கள் இல்லை. அழைப்புகள் தாங்காமல் விளையாட்டைச் செய்த கம்பெனியே பிறகு வந்த பதிப்புகளில் எடுத்துவிட்டது. இரண்டாவது விளையாட்டில் குறிப்பு இலக்கத்துக்கு அழைக்கிற ஒரு காட்சி வரும், அங்கே இந்த மரக்கட்டையைப் பற்றியே கேட்கலாம். தங்களைத் தாங்களே நக்கலடித்திருக்கிறார்கள்.

மூதூர் மச்சான்
நான் நேற்றுத்தான் அந்தக் காட்டில் எல்லா மரத்தையும் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் போச்சு. முந்தியே சொல்லியிருக்கலாமே.

நிலாவெளியான்
நேரக் கணக்குப் புதிர் என்றால் புரோக்கன் சுவோர்ட் என்கிற விளையாட்டில் வருகிற ஆட்டை ஒருவரும் மிஞ்ச ஏலாது. 1996. அயர்லாந்தில் ஒரு கோட்டை இடிபாடு, வாசலில் கட்டின ஆடு, கிட்டப் போனால் முட்டி விழுத்தும். அதுவரை விளையாட்டில் எந்த இடத்திலும் அவசரப்பட வேண்டிய தேவையே வராது, அதனால் ஒருவருக்கும் அந்த யோசனை ஓடாது. முட்டி விழுத்திவிட்டு ஆடு பின்னுக்குப் போகிற அந்தக் கண நேரத்தில், பக்கத்தில் கிடக்கிற உழவுச் சாமானைச் சொடுக்க வேண்டும். கயிறு அதில் சிக்கி ஆடு நின்றுவிடும். நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். எங்கள் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான்கள் பரவாயில்லை, கையில் கிடக்கிற பையைத்தான் இழுக்கும்.

டொஸ்தவம்
அந்த ஆட்டுப் புதிரும் வேகப் பிரச்சினையாக இருந்திருக்கலாம்.

சாளரம்
அண்ணை!

உப்புவெளி ரஜி
அக்கா, எஃப்10 அமுக்கினேன். திரை வெளிச்சம்தான் கூடுது. படம் மாறவில்லை. இப்போ கண் கூசுது.

பழைய பிளொப்பி
லப்டொப் என்று முதலே சொல்லியிருந்தால்...

நிலாவெளியான்
முதல் பதிவிலேயே லப்டொப் என்றுதான் போட்டிருக்கிறார் அண்ணை.

சாளரம்
விசைப்பலகையின் இடப்பக்கக் கீழ்மூலையில் எஃப்என் என்று ஒரு விசை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு எஃப்10-ஐ அமுக்குங்கோ. லப்டொப்புகளில் மேல்வரிசை பெரும்பாலும் வெளிச்சம், சத்தம் என்று மாற்றி வைத்திருப்பார்கள்.

மூதூர் மச்சான்
எனக்கும் ஒரு சந்தேகம். கோப்பை முழுக்க உருகிப் போனால் என்ன செய்வது, முதலில் இருந்து தொடங்க வேண்டுமா? குரொக் பட்டால் ஆள் சாகுமா?

நிலாவெளியான்
ஆள் சாகாது. இதில் சாகிற ஒரே இடம் கடலுக்கடியில்தான். பத்து நிமிடம் மூச்சடக்குவேன் என்று கதாநாயகன் எல்லோரிடமும் பெருமை அடித்துத் திரிவான். உண்மையாகவே பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் தண்ணிக்குள் நின்றால் செத்துவிடுவான். மற்றபடி எங்கேயும் வழி அடைபட்டுப் போகாது. அந்தக் காலத்து வேறு சில விளையாட்டுகளில் தொடக்கத்தில் ஒரு பொருளை எடுக்க மறந்தால் கடைசியில்தான் தெரியவரும், திரும்பிப் போகவும் ஏலாது. அந்தத் தண்டனை வேண்டாம் என்றுதான் இவர்கள் இப்படிச் செய்தார்கள்.

பழைய பிளொப்பி
தண்டனை இருந்ததால்தான் கவனமாக ஆடினோம்.

மூதூர் மச்சான்
கவனம் வேண்டும் என்றால் மிஸ்ட் ஆடுங்கோ அண்ணை. 2021-இல் கணினிக்கு வந்த புதுப் பதிப்பில் புதிர்களின் விடைகளை மாற்றிப் போடுகிற வசதி இருக்கு. வழிகாட்டியில் இருக்கிற இலக்கத்தைப் பார்த்து அடித்தால் திறக்காது. உங்களுக்கென்றே செய்த மாதிரி.

பழைய பிளொப்பி
அது நல்ல வேலை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மங்கி ஐலண்ட் இல்லை.

உப்புவெளி ரஜி
எஃப்என்னோடு வந்தது. சொற்கள் கீழே வந்தவுடன் லேசாக முடிஞ்சுது. பூட்டு உருகிச் சிறைக்குள் இருந்த ஓட்டிஸ் வெளியே வந்துவிட்டான், நன்றிகூடச் சொல்லாமல் ஓடிப் போனான். சாளரம் அக்காவுக்குப் பெரிய நன்றி. பெரியம்மாவின் மகன் வந்துட்டான், பையில் போடப் போறானாம். அடுத்து விளையாட்டில் கப்பல் வாங்கக் காசு எங்கே எடுப்பது?

சாளரம்
காசு தேவையில்லை. கடைக்காரனிடம் கடன் சீட்டு ஒன்று இருக்கு. சேமித்த ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கோ, வேறு கணினியில் தொடரலாம். தம்பி?

நிலாவெளியான்
ஆள் போயிட்டார் போல.

டொஸ்தவம்
அடுத்த முறை வருகிறபோது அந்த லப்டொப்பின் புரொசெசர் என்னவென்று ஒருக்கால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.