மயான காண்டத்தைக் கமராவில் பிடித்த நாள்

யாழ்ப்பாணத்து இசை நாடகக் கலைஞர், காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் அரிச்சந்திர மயான காண்டத்தைக் கோயில் முன்றல்களில் விடிய விடிய இருந்து பார்த்தவர் என் தந்தையார். அவரிடமிருந்துதான் ஆர்மோனியம் என் கைக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு அதே இசை நாடகத்தைப் படம்பிடித்து இறுவட்டாக வெளியிட விரும்பிய ஒரு குழுவினர் என்னை வாசிக்க அழைத்தார்கள். அரிச்சந்திரனாக நடிக்க அவர்கள் தெரிவு செய்திருந்த தம்பி நல்ல உயரமும் முகவெட்டும் உடையவர், வசனத்தைத் தெளிவாகப் பேசக்கூடியவர். ஆனால் சுருதியில் நிற்கமாட்டார். ஆகவே வயதில் மூத்த ஒரு பாடகரைக் கொண்டு பாடல்களை முன்னதாகவே ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சிக்கல் விருத்தத்தில் வந்தது. விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை. எந்தச் சொல்லில் நிற்பது, எந்த எழுத்தை இழுப்பது என்பதை, மகனை மடியில் கிடத்தி அழுகின்ற சந்திரமதியின் முகத்தைப் பார்த்து நடிகன் அந்த நேரத்திலேயே தீர்மானிப்பான், ஆர்மோனியக்காரன் அவன் பின்னால் போவான். அன்று சந்திரமதியாக இருந்த பிள்ளை உண்மையாகவே விம்மி விம்மி அழுதார். ஒலிபெருக்கியில் ஓடிய குரல் அவருக்காகக் காத்திருக்கவில்லை. நான் இரண்டு முழத் தூரத்தில், துருத்தியை அசைக்காமல் கட்டைகளை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தேன். குரல் உச்சச் சுரமான மேல் சட்சத்தில் நின்றபோது அந்தத் தம்பியின் கழுத்து நரம்பு புடைக்கவில்லை, வயிறு உள்வாங்கவில்லை, உதடுகள் மட்டுமே அசைந்தன. அவரை நான் குறை சொல்லமாட்டேன். இன்னொருவருடைய மூச்சுக்கு நடிக்கும்படி அவரை விட்டிருந்தார்கள்.

“ஐயா, பாடினவரையே நிக்க விடுங்கோ” என்று நெறியாளரிடம் கேட்டேன். அவருடைய முகம் படத்தில் எடுபடாது என்றார்.

இந்த வழக்கம் பழையது. 1945இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’யில் கதாநாயகியின் பாட்டுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். 1956இல் ‘மை ஃபெயர் லேடி’யை மேடையில் பாடி நடித்த ஜூலி ஆண்ட்ரூஸை விட்டுவிட்டு, 1964இல் அதைப் படமாக்கியபோது ஆட்ரி ஹெப்பர்னை நடிக்கவைத்து, பெரும்பாலான பாடல்களை மார்னி நிக்சனைக் கொண்டு பாடுவித்தார்கள். அதே படத்தில் கதாநாயகனாக நடித்த ரெக்ஸ் ஹாரிசன் பாடல்களை முன்னதாகவே ஒலிப்பதிவு செய்வதற்கு உடன்படாமல், உடையில் ஒலிவாங்கியை மறைத்துக்கொண்டு படப்பிடிப்பிலேயே பாடினார். அவர் பெரிய பாடகர் அல்லர், பாதி பேச்சாகவே பாடுபவர். ஆனாலும் எங்கே நிற்பது என்பது அவர் கையில் இருந்தது. எனக்கு வேண்டியதும் அதுவே, இனிய சாரீரம் அதற்கு அடுத்ததுதான். 2012இல் ‘லெ மிசராப்ல’ படத்துக்கு நடிகர்கள் கமராவின் முன்னேயே பாடினார்கள் என்றும், அவர்களுடைய போக்குக்கு ஏற்ப ஒருவர் பியானோ வாசிக்க, அது அவர்களின் காதுக்குள் கேட்டது என்றும் அறிந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. கொட்டகையில் ஆர்மோனியக்காரன் செய்து வந்த வேலை அதுதான்.

இப்போது யாராவது படப்பிடிப்புக்கு என்னை அழைத்தால், நடிகரைத் தெரிவு செய்யும் நாளிலேயே வருகிறேன் என்று சொல்கிறேன். அவருக்கு முன்னால் ஒருவரை அழவிட்டு, ஒரு விருத்தத்தை இரண்டு தடவை பாடச் சொல்வேன். அழுகை நீளும்போது அவர் காத்திருக்கிறாரா என்று பார்ப்பேன்.