நான்கே வண்ணங்களில் ஓர் அறை: நிழல் ஏன் வெளிறுகிறது?

கேள்வி
எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் ரெட், ஐவரி பிளாக், டைட்டானியம் ஒயிட் ஆகிய நான்கை மட்டும் கொண்டு, பக்கவாட்டுச் சன்னல் வழியே வெளிச்சம் விழும் ஓர் அறையைத் தைல வண்ணத்தில் தீட்டி வருகிறேன். சுவர் ஓரளவு கூடிவந்துவிட்டது. ஆனால் நாற்காலிக்கு அடியிலுள்ள நிழல் சுண்ணாம்பு படிந்ததுபோல் வெளிறிக் கிடக்கிறது. சன்னலுக்கு வெளியே தெரியும் வானமோ வெறும் சாம்பலாக நிற்கிறது. நீலத்தைச் சேர்க்காமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி 1
உண்டு. இது சுவீடன் நாட்டு ஓவியர் ஆண்டெர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் வண்ணத்தட்டு; சிவப்புக்கு அவர் வெர்மிலியனைப் பயன்படுத்தினார். ஐவரி பிளாக்கில் இயல்பாகவே சற்று நீலச் சாயல் இருப்பதால், அதை வெள்ளையோடு கலந்து, செம்மையும் மஞ்சளும் ஏறிய ஒரு பகுதியை ஒட்டி வைத்தால் கண் அதை நீலமாகவே எடுத்துக்கொள்ளும். சன்னல் சட்டத்தையும் அதே கருப்பு வெள்ளைக் கலவையில் தீட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சட்டத்தில் ஆக்கரோடு துளி சிவப்பையும் ஏற்றுங்கள். வானத்தைத் தொடவே வேண்டாம்.

மறுமொழி 2
நிழலைக் கெடுப்பது வெள்ளைதான். டைட்டானியம் ஒயிட்டின் வீரியம் அதிகம். தூரிகையின் நுனியில் ஒட்டியிருக்கும் அளவே போதும், கலவை வெளுத்துக் குளிர்ந்துவிடும். நிழலைச் சற்றே இளக்க வேண்டுமானால் வெள்ளைக்குப் பதிலாக ஆக்கரைச் சேருங்கள். கருப்போடு சிவப்பு சேர்ந்தால் ஆழ்ந்த பழுப்பும், ஆக்கர் சேர்ந்தால் ஆலிவ் பச்சையும் கிடைக்கும். நாற்காலிக்கு அடியில் இவ்விரண்டும் மெல்லிய பூச்சாக மாறி மாறி வந்தாலே இருளுக்கு உயிர் வந்துவிடும். தூரிகையைச் சரியாகத் துடைக்காமல் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குத் தாவும் பழக்கம் எனக்கும் இருந்ததால், இப்போது நிழலுக்கென்றே ஒரு தூரிகையை ஒதுக்கிவிட்டேன்.

மறுமொழி 3
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறைக்குள் அடர்நீலத் திரையோ குவளையோ இருந்தால் இந்தத் தட்டு கைகொடுக்காது. அப்போது அல்ட்ராமரீன் (அடர்நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), வெள்ளை என்ற மூன்றுக்கு மாறுவதே என் வழக்கம். முதலிரண்டின் விகிதத்தை மாற்றினாலே குளிர்ந்த சாம்பலும் வெதுவெதுப்பான சாம்பலும் கிடைத்துவிடும். சாம்பல் நிறத்தைக் குறையாக எண்ணவும் வேண்டாம். டென்மார்க் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் (1864–1916) கோபன்ஹேகனில் தாம் குடியிருந்த வீட்டின் அறைகளைப் பெரும்பாலும் சாம்பலின் சாயல்களிலேயே தீட்டினார்.

கேள்வி கேட்டவர்
ஊகம் சரிதான்; சட்டமும் வானமும் ஒரே கலவையில் தீட்டியவை. சட்டத்தை மாற்றியதும் வானம் நீலமாகத் தெரிகிறது. நிழலில் இன்னும் காயாதிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். நாளை ஆக்கரோடு மீண்டும் தொடங்குகிறேன்.