4 மாதம் ஓட்டம் நின்றபின் அரை மரதன்: மலை ரோட்டில் எப்படித் தொடங்குவது?

தேயிலைமேடு:
முன்பு 21 கிலோமீட்டரை 2 மணி 10 நிமிடத்தில் ஓடியிருக்கிறேன். 4 மாசமா ஓட்டமே இல்லை. காயம் எதுவும் கிடையாது. ஹட்டன் பக்கம், வீட்டைச் சுற்றித் தட்டையான ரோடே இல்லை. கொழும்பில் ஓடப்போகும் நாளுக்கு இன்னும் 18 கிழமை. பழைய அட்டவணையை நடுவிலிருந்து தொடரலாமா? இறக்கத்தில் ஓடினால் மறுநாள் படி இறங்க முடியாத அளவு தொடை வலிக்குது. ஏன்?

மலையோட்டம்:
நடுவிலிருந்து வேண்டாம் தங்கச்சி. ஓட்டத்தை விட்டதும் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால்தான் மூச்சு வாங்குது. அது சில கிழமையில் திரும்பிவிடும். ஆனால் தசைநாணும் எலும்பும் பழையபடி பாரம் தாங்க மாதக்கணக்காகும். மூணாவது கிழமையில் மூச்சு சரியாகிவிட்டதென்று தூரத்தைக் கூட்டுறவங்கதான் முன்கால் எலும்பு (முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு) வலியில் போய் மாட்டுறாங்க.

முதல் 4 கிழமை கிலோமீட்டர் பார்க்காதீங்க, நிமிடம் பாருங்க. ஒருநாள் விட்டு ஒருநாள், 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 10 தடவை. ஒவ்வொரு கிழமையும் ஓட்டத்தைக் கூட்டி, 4ஆம் கிழமை முடிவில் நிற்காமல் 30 நிமிடம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். 5ஆம் கிழமையில் நீண்ட ஓட்டம் 6 கிலோமீட்டர். பிறகு கிழமைக்கு 1.5 கிலோமீட்டர் கூட்டலாம். ஆனால் 8ஆம், 12ஆம் கிழமைகளில் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்கணும். 15ஆம் கிழமையில் 18 கிலோமீட்டர் தொட்டால் போதும், அதுக்கு மேல தேவையில்லை.

தொடை வலிக்குக் காரணம் இறக்கமேதான். ஏற்றத்தில் தொடைத் தசை சுருங்கி வேலை செய்யும். இறக்கத்தில் உடம்பைத் தடுத்து நிறுத்த, நீண்டுகொண்டே பாரம் தாங்கும். பழக்கம் விட்ட தசையில் நுண்ணிய சிதைவு வரும், வலி 24 முதல் 72 மணிக்குள் உச்சமாகும். அதனால் முதல் 4 கிழமை ஏற்றத்தில் ஓடுங்க, இறக்கத்தில் நடங்க. பிறகு கிழமைக்கு ஒருநாள் மட்டும் 5 நிமிடம், குட்டையான அடிவைத்து மெதுவா இறங்குங்க. அந்தச் சிறு அளவே அடுத்த சில கிழமைக்குத் தசையைக் காக்கும். இறக்கத்தை அடியோடு விட்டாலும் தப்பு, பழக்கம் வராது.

டவுன்காரன்:
தட்டையா ஓடணும்னா ஹட்டன் டன்பார் மைதானத்துக்கு வாங்க. ஒரே பக்கமாகவே சுற்றாமல் பாதியில் திசையை மாற்றுங்க, இல்லாட்டி ஒரு கால் மட்டும் அதிக பாரம் தாங்கும். கெண்டைக்காலுக்குப் படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவா கீழே இறக்கி ஏற்றுறது, சுற்றுக்கு 15 தடவையாக 3 சுற்று, கிழமைக்கு 3 நாள்.

முன்கால் எலும்பு நெடுக லேசா நொந்தால் ஓட்டத்தைக் குறைச்சால் அடங்கலாம். ஒரு விரல் வைக்கிற இடத்தில் மட்டும் குத்தினால், அதுவும் இரவில் வலித்தால், எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை உடனே நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்க. வலிமருந்து போட்டுக்கொண்டு ஓடவே வேண்டாம்.

தேயிலைமேடு:
நன்றி அண்ணா. மழைக்காலத்துக்கு என்ன செய்றது?

மலையோட்டம்:
மே முதல் செப்டெம்பர் வரை நம்ம பக்கம் நனையாமல் ஓடுறது கஷ்டம். பாசி பிடித்த கொங்கிரீட் படியும் வளைவும் இருக்கிற பாதையில் ஓட வேண்டாம். பனிமூட்டத்தில் பளிச்சென்ற மேல்சட்டை, வண்டி எதிரே வரும் பக்கமாக ஓட்டம். ஈரச் சப்பாத்துக்குள்ள பேப்பர் திணித்து நிழலில் காயவிடுங்க. அடுப்புக்கிட்ட வைத்தால் பசை விட்டுப்போகும்.

கடலோரம்:
யாரும் சொல்லாத ஒன்று, கொழும்பு வெக்கை. ஹட்டன் 1,270 மீட்டர் உயரத்தில் கிடைக்கிற பலனைவிட அந்தப் புழுக்கம் எடுக்கிறது அதிகம். உடம்பு வெக்கைக்குப் பழக 7 முதல் 14 நாள் தேவை. முன்கூட்டியே கீழே வர முடியாட்டி, கடைசி 2 கிழமையும் மதிய வெயிலில் கூடுதல் சட்டை போட்டு 30 நிமிடம் மெதுவா ஓடுங்க, தலை சுற்றினால் உடனே நிறுத்திடுங்க. ஓடுற நாளில் முதல் 5 கிலோமீட்டரை, நீங்க நினைக்கிற வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 20 செக்கன் மெதுவா எடுங்க. வெறும் தண்ணியை அளவுக்கு மீறிக் குடிக்காமல், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்ததைத் தாகத்துக்கேற்பக் குடியுங்க. அதையும் நீண்ட ஓட்டத்திலேயே குடித்து வயிறு ஏற்குதான்னு பார்த்திடுங்க.