புதுப்பிப்பு: எடை மைனஸ்னாலும் டெஸ்ட் பாஸ் ஆன கத
போன வாரம் கேட்டிருந்தேன்லா, குலசேகரத்துல ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு எழுதுன பைத்தான் பில்லிங் புரோகிராம்ல எடை மைனஸ்னா வேல்யூஎரர் (மதிப்பு தப்புன்னு பைத்தான் குடுக்குற பிழை) வரணும், ஆனா செக் பண்ணுற வரியவே அழிச்சாலும் டெஸ்ட் பச்சையாதான், அதாவது பாஸ்னுதான், நிக்குதுன்னு. பிடிச்சாச்சு மக்கா. பைடெஸ்ட் ரெய்சஸ் பிளாக்குக்குள்ள (உள்ள சொன்ன எரர் வந்தாதான் டெஸ்ட் பாஸ்) மூணு வரி போட்டிருந்தேன், மொத வரியில "12 கிலோ"ங்கத ஃப்ளோட் (தசம எண்) ஆக்கப் போய் அங்கேயே வேல்யூஎரர் விழுந்திருக்கு, கீழ உள்ளது எதுவும் ஓடவே இல்ல, டெஸ்டுக்கு என்ன, ஏதோ ஒரு வேல்யூஎரர் கிடைச்சா போதும்லா! இப்ப பிளாக்குல மைனஸ் எடை குடுக்குற அந்த ஒத்த ஃபங்ஷன் கால் மட்டும், கூட மேட்ச்ல வர வேண்டிய எரர் மெசேஜும் குடுத்தாச்சு. அதுலயும் ஒரு கூத்து, மெசேஜ்ல "(கிலோ)"ன்னு அடைப்புக்குறி இருந்ததால பொருந்தல, மேட்ச் அத ரீஜெக்ஸாதான் (எழுத்துகளத் தேடுற பேட்டர்ன்) பாக்கும், அதுல அடைப்புக்குறிக்கு வேற அர்த்தம், குறிகள வெறும் எழுத்தா எடுக்க வைக்குற ரீ.எஸ்கேப் போட்டதும் சரியாச்சு. மறுபடி செக் வரிய அழிச்சுப் பாத்தேன், இப்ப செவப்பா விழுது, கொள்ளாம்.