நெல் ரகங்களை ஒப்பிட எந்த வயலை எடுப்பது?

சம்பாக்குழு, திருவாரூர்:
வணக்கம். வருகிற சம்பாவுக்கு எங்கள் உழவர் குழுவில் பிபிடி 5204, டிகேஎம் 13, சிஆர் 1009 சப் 1 என்ற மூன்று நெல் ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம், எது ஒத்துவருகிறதோ அதில் அடுத்த வருஷம் விதை எடுக்க யோசனை. நீடாமங்கலத்தில் ஒருவர் ரோட்டோரமாக ஆறு மா (ஏறக்குறைய ரெண்டு ஏக்கர்) தருகிறேன் என்கிறார். போர்வெல் இருக்கிறது, நல்ல மண், வருகிறவர்களுக்குக் காட்டவும் வசதி. ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு நிலம் முத்துப்பேட்டைப் பக்கம், வாய்க்கால் முடிகிற கடைமடை. ஒரே இடம் போதுமா?

வரப்புக்காரன்:
போதாது. சிஆர் 1009 சப் 1 உடைய அருமையே வெள்ளத்தில்தான். ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து வந்த சப் 1 மரபணு, முழுகிய பயிரை மேலே எட்டி வளர்ந்து சத்தைத் தீர்க்கவிடாமல் அடங்கி இருக்கவைக்கும், ரெண்டு வாரம் வரைகூடத் தாங்கும். தண்ணீர் நன்றாக வடிகிற வயலில் அதற்கு வேலையே இல்லை. அங்கே பிபிடி ஜெயித்தது என்று முத்துப்பேட்டையில் கொண்டுபோய் நட்டால் ஒரு ஐப்பசி மழைக்கே போச்சு. ஆறு மாவையும் ஒரே இடத்தில் போடுவதற்கு மேட்டில் கொஞ்சம், பள்ளத்தில் கொஞ்சம், உப்பு ஏறுகிற கடைமடையில் கொஞ்சம் என்று பிரியுங்கள்.

பழைய பண்ணையாள்:
அண்ணன் சொன்னது சரி. இடம் முடிவானதும் வயலின் பூர்வீகத்தை விசாரியுங்கள். எருவுக்காக ராத்திரி ஆடுகளை அடைக்கிற ஆட்டுக்கிடையை எந்தப் பக்கம் போட்டார்கள், எருக்குப்பை எங்கே கிடந்தது, நடுவரப்பை வெட்டி ரெண்டு வயலை ஒன்றாக்கினார்களா, மண்ணை வழித்துச் சமன்படுத்துகிற லெவலர் ஓட்டினார்களா. வெறும் தரையில் ஒன்றும் தெரியாது, பயிர் வந்தால் தெரியும்: கிடை கிடந்த இடத்தில் எந்த ரகமும் கரும்பச்சையாக நிற்கும், மேல்மண் வழித்த பக்கம் சவலையாக இருக்கும், நீங்கள் அதை ரகத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். தண்ணீர் நுழைகிற மடையிலிருந்து வயலின் கோடி வரை மண்ணும் ஈரமும் மாறிக்கொண்டே போகும் என்பதால் மடைப் பக்கம் ஒரு கட்டு, நடுவில் ஒன்று, கோடியில் ஒன்று என்று பிரித்து ஒவ்வொரு கட்டிலும் மூன்று ரகத்தையும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். எடை பார்க்கும்போது வரப்போரத்து வரிசைகளை விட்டுவிடுங்கள், அதற்கு வெயிலும் சத்தும் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அப்புறம், ரோட்டோரம் என்றால் தெருவிளக்கைப் பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி பகல் குறையும்போது பூக்கிற ரகத்தைப் பின்னால் சேர்த்தால் விளக்கடியில் கதிர் தள்ளிப்போகும்.

கதிர்:
இன்னொன்று. டிகேஎம் 13 ஏறக்குறைய 130 நாள், சிஆர் 1009 சப் 1 க்கு 150 க்கு மேல். முதலில் பழுக்கிற பாத்தியில்தான் ஊர்க் குருவியும் எலியும் இறங்கும். அதற்குக் காவல் இல்லாவிட்டால் நல்ல ரகத்தைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள். அறுவடையும் கையறுப்பாக இருக்கட்டும், மெஷின் விட்டால் பாத்திகள் கலந்துபோகும். என்னைக் கேட்டால் மண்ணைவிட முதலில் ஆளைத்தான் பார்ப்பேன்.

சம்பாக்குழு, திருவாரூர்:
எல்லாருக்கும் நன்றி. நீடாமங்கலத்துக்காரரிடம் இப்போதுதான் போனில் கேட்டேன், போன கோடையில் தெற்குப் பாதியில் கிடை போட்டிருக்கிறார். வடக்குப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். முத்துப்பேட்டையில் பள்ள வயல் ஒன்று இருக்கிறது, காவலுக்கு ஆள் பார்க்கணும். சப் 1 இல்லாத பழைய சிஆர் 1009 ஐயும் கூட நடலாமா?

வரப்புக்காரன்:
நடுங்கள், பள்ள வயலில் மட்டும். நீடாமங்கலத்தில் ரெண்டும் ஒரே மாதிரிதான் விளையும்.