தியானத்தில் வந்த வளைந்த கம்பு, எந்தச் சாமி?

சைதைவாசி:
தாத்தா பிழைக்க மெட்ராஸ் வந்ததோடு குலதெய்வம் விட்டுப்போச்சு. கேட்டால் "தின்னவேலிப் பக்கம்" என்பார்கள், அவ்வளவுதான். சோழி பார்த்தவர் ஒரு மண்டலம் விளக்கு முன்னால் உட்காரச் சொன்னார். முப்பது நாளும் கால் மரத்ததுதான் மிச்சம். 31ஆம் நாள் கண்ணை மூடியதும் ஒரு கம்பு. நுனி மட்டும் குடைப்பிடி மாதிரி வளைந்திருந்தது. பக்கத்தில் மடக்கிய முழங்கால், அதைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பட்டை. முகம் இல்லை. பட்டையின் ஓரத்தில் மணிமணியாக இருந்த வேலைப்பாடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கம்பு இல்லை, அரிவாள், கருப்பசாமிதான் என்கிறார் சோழிக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

குளத்துமேடு:
கருப்பர் இல்லை சகோ. அது செண்டு என்கிற வளைந்த கோல், அய்யனார் கையில் இருக்கும். முழங்காலில் கட்டியிருப்பது யோகபட்டம். எனக்கு வந்தது வரிசையாக ஏழு புள்ளி, எல்லாம் ஈரமாக. ஏழு பிள்ளை பெறுவாய் என்று மாமியார் சிரித்தார். பிறகு அவர்கள் ஊருக்குப் போனால் குளக்கரையில் மஞ்சள் பூசிய ஏழு கல். கன்னிமார். அப்போதுதான் குளிப்பாட்டியிருந்தார்கள், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சும்மா ஒருவன்:
புகுந்த வீட்டில் கன்னிமார் பற்றி ஒருத்தர்கூடப் பேசியிருக்க மாட்டார்களா? காதில் விழுந்தது உள்ளே கிடந்து வந்திருக்கும். எனக்குக்கூடச் சக்கரம் சக்கரமாக வந்தது. சுதர்சனம் என்று பெருமாள் கோயிலுக்கு ஓடினேன். கண்ணை இறுக்கி மூடினால் யாருக்கும் வரும் என்று கண் டாக்டர் முடித்துவிட்டார்.

குளத்துமேடு:
உங்கள் சக்கரம் ஈரமாக இருந்ததா?

பழைய பெருசு:
சண்டை வேண்டாம். தம்பி, தியானத்தை விடு, பங்காளிகளைப் பிடி. அப்பாவோடு பிறந்த அத்தை இருந்தால் முதல் மொட்டை எங்கே போட்டார்கள் என்று கேள். சாமி பேர் மறந்திருக்கும், மொட்டை போட்ட ஊர் மறக்காது. பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் உச்சியில் பார், "இன்னார் துணை" என்று இருக்கும். கிரயப் பத்திரத்தில் பூர்வீக ஊர் கிடைக்கும். ஊர் தெரிந்தால் பங்குனி உத்திரத்தன்று அங்கே உள்ள சாஸ்தா கோயிலில், அதாவது அய்யனார் கோயிலில் போய் நில். பொங்கல் வைக்க வருகிறவர்களிடம் தாத்தா பேரைச் சொல். பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வேறு இடத்தில் சாமியை வைத்திருந்தாலும் அவர்களுக்குத்தான் தெரியும். காரையாறு சொரிமுத்து அய்யனாருக்கு ஆடி அமாவாசையில் கூட்டம் வரும், அங்கேயும் விசாரி. அங்கே பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை. நாளைக்குச் செருப்பு தெரிகிறது என்று பயந்துவிடாதே. எனக்கா? உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

சைதைவாசி:
அத்தையிடம் கேட்டேன். வயசு 82. சாமி பேர் தெரியவில்லை. செய்துங்கநல்லூரில் ரயிலை விட்டு இறங்கிக் கட்டுச்சோற்று மூட்டையோடு நடந்தது மட்டும் ஞாபகம். "சாமி முட்டியில என்னமோ கட்டியிருக்குமே, நானும் அம்மா முந்தானையை அப்படிக் கட்டிக்கிட்டு உக்காந்து அடி வாங்கினேன்" என்றார்.

சும்மா ஒருவன்:
இந்தக் கதையை உங்கள் சின்ன வயசில் அத்தை சொன்னதே இல்லையா?